மரகதம் சொல்லாத சொல்

என் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டதால் எனக்கு இப்போது பெயர் இல்லை. இதில் யார் தவறும் இல்லை. கடவுச்சொல்லாக வைத்த சொல் வேறெங்கும் புழங்கக் கூடாது என்பது விதி.

நான் பூட்டியது மரகதத்தின் குரலை. மரகதம் என் மனைவி. அவள் எனக்கு அனுப்பிய நாற்பத்தொரு குரல்பதிவுகள் கணினியில் இருக்கின்றன. தயிர் வாங்கி வரச் சொல்கிறாள். மழை வருகிறது என்கிறாள். ஒன்றில் பேச்சே இல்லை. குக்கர் மூன்று விசில் அடிக்கிறது, அவள் மூச்சு விடுகிறாள்.

அவள் இறந்த பிறகு உறவினர்கள் அவற்றைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். அழுதார்கள். காபி குடித்துவிட்டு மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தேய்ந்தது. ஆகவே பூட்டினேன்.

யாரும் ஊகிக்க முடியாத சொல் வேண்டும் என்றது கணினி. இருபத்தாறு வருடத்தில் மரகதம் ஒரு முறைகூட என் பெயரைச் சொன்னதில்லை. ‘ஏங்க’ என்பாள். பெயரைச் சொன்னால் கணவனின் ஆயுள் குறையும் என்று அவள் வீட்டில் நம்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் அதுதான். அதைவிடப் பாதுகாப்பானது இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வாசல் பெயர்ப்பலகை வெறும் பலகையாக இருந்தது. அடையாள அட்டையில் என் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளை. எனக்கும் நினைவில்லை.

மரகதத்தின் அண்ணன் பொன்னுரங்கத்துக்குப் போன் செய்தேன்.

“மச்சான், என் பேரு என்ன?”

“என்ன மாப்ள, காலங்காத்தால.”

“சொல்லுங்க.”

வெகுநேரம் யோசித்தார். “மாப்ளதானே?”

“கல்யாணப் பத்திரிகையப் பாருங்க.”

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

“மரகதம்னு போட்டிருக்கு. பக்கத்துல ஒரு பூப்படம் இருக்கு மாப்ள. நல்ல பூ.”

பதினைந்து நாட்கள், தெருவில் காதில் விழுந்த ஆண்பெயர்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கணினி வருத்தம் தெரிவித்தது. பதினாறாம் நாள் கடவுச்சொல் மீட்பு அலுவலகத்துக்குப் போனேன். அது பேருந்து நிலையத்தின் மாடியில் இருக்கிறது. சன்னலுக்குப் பின்னால் எழுத்தர் எத்திராஜ் இருந்தார்.

“பேரு?”

“அதைக் கேட்கத்தான் வந்திருக்கேன்.”

“பேரு எழுதாத மனுவை வாங்க முடியாது சார்.”

“பேரு தெரிஞ்சா மனுவே வேண்டாமே.”

“வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க.” பதிவேட்டைப் புரட்டினார். “பேரில்லாதவங்க பூட்டின கோப்பு எதையும் பதினாறு நாள்தான் வச்சிருப்போம். இன்னிக்கு அஞ்சு மணிக்குத் துடைச்சிடுவோம்.”

“குரல் என்ன ஆகும்?”

“இடம் காலியாகும் சார்.”

“வேற வழியே இல்லையா?”

“கோப்புக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியும். போய்க் கேட்டுப் பாருங்க.”

அவரும் கூட வந்தார். நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது. “நல்ல பலமான பூட்டு சார்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபுறமும் மூடிய கதவுகள். உள்ளே கலைந்த எழுத்துகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பூட்டிய கோப்பு கலைந்துதான் இருக்கும், பூட்டியவர் தட்டினால் கொஞ்ச நேரம் சேரும் என்று எத்திராஜ் சொன்னார்.

கடைசிக் கதவைத் தட்டினேன். உரசல் நின்றது.

“யாரு?” என்றது மரகதத்தின் குரல்.

“நான்தான்.”

“நான்தான்னா?”

“அதான் தெரியல.”

“ஏங்க, நீங்களா? இளைச்சுட்டீங்களா? குரலே ஒரு மாதிரி இருக்கு.”

“மரகதம், என் பேரைச் சொல்லு. கதவு திறக்கும்.”

“ஐயோ. அதை என் வாயால சொல்ல மாட்டேன்.”

“அஞ்சு மணிக்கு உன்னை அழிச்சிடுவாங்க.”

“என்னைத்தானே.”

எத்திராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடங்கள் இருந்தன.

“எழுதிக் காட்டச் சொல்லுங்க சார். சில வீட்டம்மாங்க எழுதிடுவாங்க.”

“இங்க எழுத்தெல்லாம் கலைஞ்சு கிடக்குங்க” என்றாள் உள்ளிருந்து.

நான் கதவில் நெற்றியை வைத்தேன். “வீட்டுல சத்தமே இல்ல மரகதம்.”

எட்டு நிமிடங்கள் ஐந்தாயின.

“எத்தனை எழுத்துன்னாவது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“நாலு.”

முதல் எழுத்தைச் சொன்னாள். கூச்சத்துடன், மிக மெதுவாக. கதவு விரலளவு திறந்தது. என் புறங்கையில் நரம்புகள் புடைத்தன. முன்பல் ஒன்று கழன்று நாக்கில் கிடந்தது. எத்திராஜ் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, ஒரு நாற்காலியை எடுத்துவந்து என் பின்னால் போட்டார்.

“ஏங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. சொல்லு.”

“கேஸை மூடிட்டுத்தானே வந்தீங்க?”

“மூடிட்டேன்.”

“மோட்டார்?”

“நிறுத்திட்டேன்.”

“துணியெல்லாம் கொடியிலயே விட்டுட்டு வந்திருப்பீங்க.”

“ஆமா.”

“பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு, மரகதம் இரண்டாவது எழுத்தைச் சொன்னாள்.