தனித் தட்டு

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிட்டது; வலக்கைதான் முரண்டு பிடித்தது. சோற்றை அள்ளினால் பாதி மடியில் விழும். இடக்கையால் சாப்பிட்டால் என் வாப்பா கபர்க்குழியிலிருந்து எழுந்து வந்து அடிப்பார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். மேற்கொண்டு கேட்க வெட்கம்.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு ஒரு புத்திமதியும் கொண்டுவருவார்கள். "மனசத் தளர விடாதீங்க ஹமீது பாய்!" அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விடுவார்கள்.

"சப்ரீன் கல்யாணத்துக்கு நான் வரல," என்றேன் மனைவி மெகராஜிடம். சப்ரீன் என் தங்கை மகள்.

"தாய்மாமன் இல்லாம கல்யாணமா? கை மக்கர் பண்ணுதுன்னா அறிவுமா மக்கர் பண்ணும்?"

நாற்பது வருடமாக இந்த வாயோடுதான் குடும்பம் நடத்துகிறேன். கிளம்பினேன்.

ராஜபாளையத்து மண்டபத்தில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேலப்பாளையத்துக்காரர்கள். அவர்கள் வழக்கப்படி சஹன் சாப்பாடு. பாயில் நாலு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சப்ரீனின் அண்ணன் இம்ரான் என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு, அதில் ஒரு ஸ்பூன்.

"மாமி போன்ல சொல்லிட்டாவ, மாமா. நீங்க இங்கனயே வசதியா சாப்பிடுங்க."

அன்பாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அந்த ஸ்பூனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அழக்கூடாதென்று கோபப்பட்டேன். பெண்கள் பக்கம் இருந்ததால் மெகராஜ் தப்பித்தாள். நேரே போய், மூன்று பேர் இருந்த ஒரு சஹனில் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லி அள்ளினேன். சோறு என் பக்கமும் விழுந்தது, அடுத்தவர் பக்கமும் விழுந்தது. மூவரும் தங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். அவர்கள் பக்கம் காலியாகிவிட்டது. என் பக்கம் குவியல் அப்படியே இருந்தது. மற்ற சஹன்காரர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். எனக்காக இவர்கள் காத்திருப்பது பொறுக்காமல், வழக்கம்போல் போதுமென்று கையை இழுத்தேன்.

எதிரே இருந்த தாடிக்காரர் தன் பக்கம் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை யாரென்றே தெரியாது.

"வயிறு நெறஞ்சிருச்சுன்னா எந்திரிப்போம் பாய். இல்லன்னா நிதானமா சாப்பிடுங்க. கடைசி ஆளு முடிக்கிற வரைக்கும் சஹன விட்டு யாரும் எந்திரிக்க மாட்டோம்," என்றார்.

எனக்குப் பசித்தது. மூன்று மாதத்துப் பசி. உருட்டினேன், விழுந்தது, மறுபடி உருட்டினேன். என் பக்கமும் காலியானதும் இம்ரானைக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோவென்று ஓடிவந்தான்.

"ஏலே, இன்னும் கொஞ்சம் சோறு வை."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சம்மணத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.