பதினெட்டாம் திகதி வீடு

மே மாதம் முழுவதும் மாதா வீடு வீடாகப் போவார். ஒரு நாளுக்கு ஒரு வீடு. மாலை ஏழு மணிக்குச் செபமாலை, பிறகு அவித்த கடலையும் தேநீரும். மறுநாள் அந்த வீட்டுக்காரர் மாதாவின் சிலையை, சுரூபத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த எங்கள் செபக்குழுவில் முப்பத்தொரு வீடுகள். எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியலைப் பதினொரு வருடங்களாக நான்தான் எழுதினேன். என் வீட்டை எப்போதும் முப்பத்தோராம் திகதிக்குப் போடுவேன். அது தாழ்மை என்று நம்பியிருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வழக்கமான லூர்து மாதாவை விட்டுவிட்டு வியாகுல மாதாவைக் கொண்டுபோவோம் என்று சொன்னதும் நான்தான். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய். இரண்டடி உயரம், சரியான பாரம். காரின் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டால்தான் சரியாமல் இருக்கும். அந்த வருடம் எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் போர் நடந்த வன்னிக்குள் ஆட்களை வைத்துக்கொண்டு காத்திருந்தன. எனக்கு அங்கே தங்கை இருந்தாள். பிலோமினா, புதுக்குடியிருப்பில் ஆசிரியை. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் ஐந்து வருடம் குருமடத்தில் படித்து, குருவாகாமல் வெளியே வந்தவன். கலியாணமும் செய்யவில்லை. பகலில் கார்க் கதவுக் கைப்பிடிகள் செய்யும் தொழிற்சாலை, மாலையில் வெக்ஸ்போர்ட்டில் ஒன்பதாவது மாடியில் வேதாகமமும் ஒரு கதிரையும். கோபம், ஆசை, அழுகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தால் கடவுளுக்குப் பக்கத்தில் போகலாம் என்பது என் கணக்கு. பெப்ரவரியில் பிலோமினா கடைசியாகப் பேசியபோது, செல் குண்டு விழுந்த கதையைச் சொல்லி அழுதாள். எல்லாம் ஆண்டவருடைய சித்தம், ஏற்றுக்கொள் என்றேன். "நீ சுவாமியார் மாதிரிக் கதைக்கிறாய் அண்ணா" என்று சொல்லி போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

மே பன்னிரண்டாம் திகதி மாதா இருந்த வீட்டுக்கு வவுனியாவில் இருந்து அழைப்பு வந்தது. அக்காவும் பிள்ளைகளும் முகாமுக்கு வந்துவிட்டார்கள் என்று. இது தற்செயல், மாதாவைத் தபால்காரர் ஆக்கக் கூடாது என்று மறுநாள் செபத்துக்குப் பிறகு எல்லாருக்கும் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை.

பதினேழாம் திகதி மரியரட்ணத்தின் வீடு. மரியரட்ணம் பூசைக்கு வந்தால் பிரசங்க நேரத்தில் கார் பார்க்கில் நின்று சிகரெட் பிடிப்பவன். எனக்கு 'அரைச்சுவாமி' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். முந்தின ஞாயிறு ஆயிரக்கணக்கானவர்களோடு போரை நிறுத்தச் சொல்லி ஹைவேயை மறித்து இருந்து கத்தி, தொண்டை அடைத்திருந்தது. செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது அவனுடைய செல்போன் அடித்தது. முழங்காலில் இருந்தபடியே எடுத்தான். பிறகு துள்ளி எழுந்தான்.

"தம்பி! டேய், தம்பி இருக்கிறான்ரா! காலில மட்டும்தானாம் காயம்!"

அழுதான், சிரித்தான், மாதாவின் காலைப் பிடித்துக் கொஞ்சினான். அதே ஈரமான முகத்தோடு என் கன்னத்திலும் கொஞ்சினான்.

"அரைச்சுவாமி, பாத்தியா உந்த மாதாவின்ர வேலையை!"

"ஆண்டவருக்கு நன்றி" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் மிச்சச் செபமாலை முழுவதும் எனக்குள் ஓடியது ஒரே வரிதான். ஏன் உவனுக்கு? பதினொரு வருடம் பட்டியல் எழுதியவன் நான். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பவன் நான். பொறாமை நெஞ்சில் இருக்கும் என்று வாசித்திருக்கிறேன். எனக்கு அது வாயில் இருந்தது. அன்று கடலையை விழுங்க முடியவில்லை.

மறுநாள் திங்கள், பொது விடுமுறை. காலையிலிருந்து தொலைக்காட்சியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிந்தது என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. மத்தியானம் மரியரட்ணம் அழைத்தான்.

"மச்சான், நான் பிக்கரிங்கில அக்காவிட்ட நிக்கிறன். ரீவியைப் பாத்து அவ அழுதழுது மயங்கிப் போனா. மாதாவை நீ ஒருக்கா ரதி வீட்டை இறக்கிவிடுவியோ? என்ர வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கு."

ரதியின் வீடு மில்லிக்கனில். கணவரைப் பிரிந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அவளுடைய அம்மாவும் தம்பியும் வன்னிக்குள்ளே இருந்தார்கள். பதினெட்டாம் திகதி அவளுடையது. என் கையெழுத்தில்தான் அது இருந்தது.

அவன் வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்து, முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வடக்கே திரும்ப வேண்டிய சந்தியில் நான் திரும்பவில்லை. இப்போது மணி நான்கு, ஏழுக்குத்தானே செபம், அரை மணி நேரம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே என் கட்டடத்துக்கு ஓட்டினேன். லிஃப்டில் ஒரு சீனப் பாட்டி சுரூபத்தைப் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டு ஒதுங்கினாள்.

மேசையில் மாதாவை வைத்தேன். பக்கத்தில் வீட்டுத் தொலைபேசி, அதன் பக்கத்தில் செல்போன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எதைத் தபால்காரர் வேலை என்று பழித்தேனோ அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. போன் அடிக்கவில்லை. செபம் சொல்லவும் வரவில்லை. மௌனம் எனக்குப் பழகியது, நான் விரும்புவது. அன்றைய மௌனம் வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ வேண்டுமென்றே பேசாமல் இருப்பது போல இருந்தது. நான் மாதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடங்கள் பார்த்த முகம். பிறகு பார்வை கீழே இறங்கியது. மடி. அதில் நீளமாக ஒரு உடல். தலையை அவருடைய இடது கை தாங்கியிருந்தது. விலாக் காயம் தெரிந்தது, முழங்கால் சிராய்ப்பு தெரிந்தது. எல்லாம் இருந்தன, ஒன்றும் குறையவில்லை.

மரியரட்ணத்தின் மேல் வந்த அதே கசப்பு அப்போது திரும்பவும் வாய்க்குள் ஊறியது.

"உங்களுக்கு மகனை மடியில தந்தவை" என்றேன், வாய்விட்டு. "கழுவித் துடைச்சு, துணி சுத்தி, எங்க வைச்சது எண்டும் தெரியும். எனக்கு என்ன தெரியும்? பிலோ எந்த மண்ணுக்க கிடக்கிறாள் எண்டாவது தெரியுமோ?"

என் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. குருமடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தத் தமிழில் நான் செபித்ததில்லை. மேலும் சொன்னேன். இங்கே எழுத முடியாத சொற்களும் சொன்னேன். கடவுளின் தாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் என்று என்னை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவு கிட்ட நான் அதுவரை போனதில்லை.

வீட்டுத் தொலைபேசி அடித்தபோது கதிரையைத் தட்டிவிட்டு எழுந்தேன். ஆறே முக்கால்.

"அண்ணை, ரதி. சனம் எல்லாம் வந்திட்டுது. மாதா எங்க வாறா?"

வாகன நெரிசல் என்று சொல்லலாம். விடுமுறை நாளில் நெரிசல் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

"என்ர வீட்டை இருக்கிறா" என்றேன். "நான்தான் கொண்டு வந்தனான். உங்கட நாளை நான் எடுத்திட்டன் ரதி."

அந்தப் பக்கம் யாரோ கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"போன் கோல் வந்ததோ?"

"இல்லை."

"பொய்யில்லையே?"

"இல்லை."

"பட்டியல் எழுதிப்போட்டு நீங்களே களவெடுக்கிறியளோ!" கத்தினாள். அந்தக் கத்தல் பாதியில் உடைந்தது. "அண்ணை, உங்களைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்தி எரியிறது. இந்த மனுசனுக்கு மட்டும் நித்திரை வருது, சாப்பாடு இறங்குது, கடவுள் உவருக்கு மட்டும் என்னத்தைக் குடுத்தவர் எண்டு. இப்ப பாத்தா உங்களுக்கும் ஒரு கோதாரியும் இல்லை."

"இல்லை ரதி. ஒண்டும் இல்லை."

"அப்ப கெதியாக் கொண்டு வாங்கோ. கடலை ஆறுது."

நான் போனபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் விடுமுறை நாளுக்கான வெடிகளைக் கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அறைக்குள் யாராவது கண்ணை மூடித் திறந்தார்கள். ஏன் பிந்தியது என்று ரதி யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். நின்றபடி, எல்லாருக்கும் முன்னால். "அரைச்சுவாமியோ?" என்று பிக்கரிங்கிலிருந்து திரும்பி வந்திருந்த மரியரட்ணம் அடைத்த தொண்டையால் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. செபமாலையைத் தொடங்கினேன். ஆண்டவரின் சித்தத்தைச் சொல்லும் திருவுளம் என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு மரியரட்ணம் அந்தக் கரகரத்த குரலில் அதை எடுத்துச் சொல்லிமுடித்தான். நான் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டேன்.

எட்டரைக்கு ரதியின் போன் அடித்தது.

செட்டிகுளம் முகாமில் இருந்து, யாருடையதோ ஒரு போனில், அவளுடைய அம்மா. அம்மா இருந்தார். தம்பி இல்லை. ரதி சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்து, "எப்ப அம்மா? எந்த இடத்தில அம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா ஒரு இடத்தின் பெயரைச் சொன்னார். மண் போட்டுவிட்டுத்தான் வந்தோம் என்றார்.

இதைக் கேட்டும் எனக்குப் பொறாமை வந்தது. அம்மா உண்டு, இடத்தின் பெயரும் உண்டு. தம்பியைப் பறிகொடுத்து நிலத்தில் கிடப்பவளைப் பார்த்து அப்படி நினைத்தேன். அது போகட்டும் என்று காத்திருக்கவில்லை. அதையும் வைத்துக்கொண்டே எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அவளுடைய தோளைப் பிடித்தேன். இருபது வருடத்தில் நான் ஒரு பெண்ணின் தோளைத் தொட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தேன்.

ரதி மூக்கைச் சீறிவிட்டுப் போனுக்குள் சொன்னாள்.

"அம்மா, வைச்சிடாதேங்கோ. அங்க ஒரு ரீச்சர், பிலோமினா எண்டு, புதுக்குடியிருப்பு. கண்டனீங்களோ? ... எங்கட அன்புராசா அண்ணையின்ர தங்கச்சி. ..." என் பக்கம் திரும்பினாள். "எப்பிடி ஆள் எண்டு கேக்கிறா அண்ணை. பின்னால போனுக்கு லைனாம், கெதியாச் சொல்லுங்கோ."

போனை என் கையில் திணித்தாள்.

"அம்மா," என்றேன், "கறுப்பு. ஆள் கட்டை. கண்ணாடி போடுவாள், அதின்ர ஒரு பக்கத்துக்கு நூல் கட்டியிருக்கும். நடக்கேக்க வலது காலைக் கொஞ்சம் இழுப்பாள். கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டாள், அம்மா, ஆரோடயும் சண்டை பிடிப்பாள், சாப்பாட்டு லைனில நிண்டாலும் அங்கயும் பிடிப்பாள்..."

"மெதுவாச் சொல்லு மோனை" என்றது அந்தக் குரல். "கேக்குது. சொல்லு."

நான் முதலில் இருந்து சொன்னேன்.