சேவூர் கிணற்றில் ஒரு ஸ்கூட்டர்

சேத்துப்பட்டில் பஸ் நின்றபோது கண்டக்டர் மூன்றாவது முறையாக அந்தப் பையைப் பார்த்தார். எழிலரசியின் மடியில் அது ஒரு பெரிய பூசணிக்காய் கணக்காகப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலே வைக்கச் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. காலடியில் வைக்கச் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை.

"இன்னாமா அது, கிரைண்டரா?"

"ஸ்கூட்டருங்க."

அவர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காவ்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தண்ணிக்குள்ள ஓட்றதுங்க. ரெண்டு கையால புடிச்சிகினா அதுவே நம்மள இழுத்துகினு போவும்."

"ஹெல்மெட் போடணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் விசில் கொடுத்தார். பஸ் ஆரணி ரோட்டில் திரும்பியது. பேட்டரியைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றி காவ்யா தன் கைப்பையில் வைத்திருந்தாள். வெயில் படக் கூடாது, எதிலும் இடிபடக் கூடாது என்று வாடகைக்குக் கொடுத்தவர் நான்கு தடவை சொல்லியிருந்தார். பாண்டிச்சேரியிலிருந்து இதுவரை அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.

எழிலரசிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்காரரிடம் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைந்து தரும் வேலை. அடுத்த மேசை காவ்யாவுடையது. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் எழிலரசியின் வலது கால் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்துதான் நடப்பாள். பதினோரு வயதில், மற்றப் பிள்ளைகள் குதித்து விளையாடிய பெரியப்பா கிணற்றில், படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் வழுக்கி உள்ளே போய்விட்டாள். பெரியப்பா முடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். அவள் தம்பி பாலுவுக்கு அப்போது எட்டு வயது. மேட்டில் நின்று அவன் கத்திய கத்தலில் அடுத்த கழனியிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். இன்றைக்கும் அக்காவோடு தெருவில் நடந்தால் வண்டி வரும் பக்கத்தில் அவன்தான் நடப்பான். மழை பெய்தால் வேலையை விட்டுவிட்டு வந்து பைக்கில் ஏற்றிக்கொண்டு போவான். அவளைப் பூப்போல வைத்திருந்தான். பூவுக்கு மூச்சு முட்டுமா என்று அவன் யோசித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் நீச்சல் கற்றுக்கொண்டாள். வீட்டில் சொன்னது கம்ப்யூட்டர் கிளாஸ் என்று. மிதக்க வந்தது, மூச்சடக்க வந்தது, கைவீச்சும் வந்தது. ஆனால் நீச்சல் குளத்தின் பாதி தூரத்திலேயே தோள் கழன்றுவிடும். கால்கள் ஊறின சாக்குபோலப் பின்னால் தொங்கின. ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், காவ்யா போனில் ஒரு வீடியோ காட்டினாள். கடலுக்கடியில் ஒரு பெண் இரண்டு கையிலும் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு மீன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். எழிலரசி அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். அவை அசையவே இல்லை. சாம்பார் சாதம் ஆறிப்போகும்வரை திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள்.

பாண்டிச்சேரியில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் இளவரசன் அவள் காலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கைகளைத்தான் பார்த்தார். பஸ் ஏறிய அன்று கடல் சீற்றமாக இருந்ததால் நீச்சல் தொட்டியில் அரைமணி நேரம் பழக்கினார். "ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்தினாதான் ஓடும். ஒண்ண விட்டாலும் நின்னுடும். மணிக்கட்டுதான் ஸ்டியரிங். பயந்தீங்கன்னா மேல பாருங்க, மெஷினும் மேல பாக்கும்." பிறகு, ஊரில் கிணறு இருக்கிறதா என்று கேட்டு, மெஷினை வாடகைக்குக் கொடுத்தார். ஒரு வாரம் அசையாத தண்ணீரில் ஓட்டிப் பழகிவிட்டு வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கடலுக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் சேவூரில், பெரியப்பா கிணற்று மேட்டில் இருந்தார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷம். கிணற்றில் தண்ணீர் மேலேயிருந்து நாலாவது படி வரைக்கும் ஏறி நின்றது. காவ்யா கிணற்று மோட்டாரின் கரண்ட்டை நிறுத்தினாள். எழிலரசி முடியை இழுத்துக் கட்டித் தொப்பிக்குள் செருகினாள். புரொப்பெல்லரில் முடி, துணி, கயிறு எது சிக்கினாலும் பேஜார் என்று இளவரசன் சொல்லியிருந்தார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கித் தண்ணீருக்குள் போனாள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே கிணறு.

முதல் தடவை பட்டனை அழுத்தியதும் அது அவளை நேராக எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனது. பதறிப்போய் கையை எடுத்துவிட்டாள். மெஷின் மிதக்கவில்லை. முதலில் மெதுவாகத் தலையைச் சாய்த்தது, பிறகு அடிக்குப் போக ஆரம்பித்தது. நல்லவேளை, எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, இருங்க இருங்க," காவ்யா போனைத் துழாவினாள். "அவர் மெசேஜ் போட்டிருந்தாரு. இது உப்புத்தண்ணிக்கு வெயிட் வச்சதாம். கெணத்துத் தண்ணில ஓட்டினா உள்ள கீற ரெண்டு இரும்புத் துண்டயும் எடுத்துடணுமாம்."

எடுத்தார்கள். இப்போது கையை விட்டாலும் அது மேலே வந்து வாத்துபோல மிதந்தது.

இரண்டாவது தடவை சுவருக்கு ஒரு முழம் முன்னால் மணிக்கட்டைத் திருப்பினாள். திரும்பியது. அவ்வளவு சுலபமாக அவள் உடம்பு எங்கேயும் திரும்பியதே இல்லை. தண்ணீர் முகத்தில் வழிந்து தோளைத் தாண்டிப் போனது. கால்கள் இரண்டும் ஒன்றாக, ஒரே நீளமாக, பின்னால் வந்துகொண்டிருந்தன. எது சூம்பிய கால் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று சுற்று சுற்றிவிட்டு மேலே வந்து மூச்சு வாங்கினாள். காவ்யாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. மறுபடி மூழ்கினாள்.

அப்போதுதான் பொத்தென்று ஒரு சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. கொத்துக் கொத்தாகக் குமிழி. அதற்கு நடுவே ஒரு கைலி குடைபோல விரிந்தது. ஒரு கை அவள் தோளை இறுகப் பிடித்து மேலே இழுத்தது.

பாலு. டீக்கடையில் யாரோ சொல்லி, பைக்கை வரப்பிலேயே போட்டுவிட்டு, செருப்போடு குதித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"வுடுக்கா அத. வுட்டுட்டு என்னப் புடி."

"நீ என்னப் புடிச்சிக்கடா," என்றாள் எழிலரசி. "நான் இத வுட மாட்டேன்."

"அக்கா, வெளாடாத."

அவன் கை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. அவள் இரண்டு பட்டன்களையும் அழுத்தினாள். மெஷின் ஒரு கணம் திணறியது. பிறகு இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. தண்ணீர் மட்டத்திலேயே, குழாய் இறங்கிய பக்கத்தை விலக்கி, கிணற்றை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். பாலுவின் கைலி பின்னால் இழுபட்டு வந்தது. ஒரு செருப்பு தனியாக மிதந்து போனது. இரண்டாவது சுற்றில் தோளைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. ஆனாலும் அவன் விடவில்லை.

படியோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் படியில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் இருமினான்.

"கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொன்னியே."

"நீச்சல் கிளாஸ்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?"

அவன் கைலியைப் பிழிந்தான். "வுட்டிருக்க மாட்டேன்," என்றான். பிறகு, தண்ணீரில் லேசாக ஆடிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்கு மேலயும் ஸ்பீடு போவுமா?"

"மூணு ஸ்பீடு கீது. இது ரெண்டாவது," என்றாள் காவ்யா மேலேயிருந்து.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதை எழிலரசி அப்போதே சொல்லிவிட்டாள். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. அவன் மிதந்து வந்த செருப்பை எடுத்துப் படியில் வைத்தான்.

"நானும் வரேன்," என்றான்.

"வா. வந்து கரையில உக்காந்து பாரு."

அவன் சட்டென்று அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது தண்ணீராலா, வேறெதனாலா என்று அவள் கேட்கவில்லை. மூச்சை நிதானமாக மூன்று தடவை இழுத்து விட்டாள். நான்காவதை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, மணிக்கட்டைக் கீழே சாய்த்து மூன்றாவது வேகத்தில் அழுத்தினாள்.

பச்சை கரும்பச்சை ஆனது. காது அடைத்தது, சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்துகொண்டு மறுபடி அழுத்தினாள். சுவரின் கல்வரிசை முடிந்து வெறும் பாறை வந்தது. அதன் இடுக்கிலிருந்து ஓர் ஆமை கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது, பிறகு கூடவே கொஞ்ச தூரம் நீந்தி வந்தது. அவள் வளைந்து நிமிர்ந்தாள். மேலே, வெகு உயரத்தில், கிணற்றின் வாய் ஒரு வெள்ளை வட்டமாக அசைந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது. மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினாள். ஆமையும் திரும்பியது.