முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க மேடம்

1

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வீரபாண்டி மாரியம்மன் மேல் ஆணை. அம்மனை நம்பாதவர்களுக்காக இராயப்பன்பட்டி மாதா மேலும் ஆணை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கைவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கதை எனக்குக் கிடைத்த இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடலூரிலிருந்து குமுளி வழியாகப் போகும் ஜீப்பில் என் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பெயர் அட்டை: தங்கபாண்டி, பொருளாதாரத் துறை. பயிற்சி முடிந்து வருகிறாராம். பேராசிரியர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கதை வந்தது. மலை ஏறி முடிப்பதற்குள் அவர் சொன்னது பாதி. மீதியை நான் கூடவே இருந்து பார்த்த மாதிரி எழுதப்போகிறேன். அதுவும் உண்மைதான். உண்மையை அருகில் போய்ப் பார்த்தால்தான் ஆயிற்றா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "உயர்கல்வி ஆசிரியர்களின் கற்பித்தல் மற்றும் தலைமைப் பண்பு மேம்பாட்டுக்கான ஐந்து நாள் பயிற்சி முகாம் கம்பம் அருகே ஒரு கல்லூரியில் இனிதே…" என் பேனாவே கொட்டாவி விட்டது. அடித்துவிட்டேன்.

பிறகு: "சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்…" சாரல் அடித்ததா என்று தங்கபாண்டி சொல்லவில்லை. ஆணையிட்டவன் மழையில் கை வைக்கலாமா? அதையும் அடித்தேன்.

நேரே ஜெபஷீலாவிடம் போய்விடுவோம்.

2

ஜெபஷீலா இயற்பியல் பேராசிரியை. போடி பஜாரில் பாத்திரக்கடை ஜெபமணியின் மகள். கடையில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பயம் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. வந்தவர் பேசாமல் நின்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே பேசு. பேசிக்கொண்டே இரு. வகுப்பிலும் அவள் அப்படியே பேசினாள். ஒரு நொடி அமைதி விழுந்தால் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று தோன்றும்.

அந்த மாதத்தோடு அவள் துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது ஜெபஷீலாவா, அதே துறையின் விஜய்ராஜ் சாரா? கல்லூரி முதல்வர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் கல்லூரியிலேயே நடந்த அந்தப் பயிற்சியின் கடைசி நாளில் மூன்றாமாண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து இருவரும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். யார் வகுப்பு நன்றாக இருக்கிறதோ அவருக்குத் தலைமை. தலைமையோடு ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியின் சாவியும்.

சாவிதான் அவளுக்கு முக்கியம். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிற அன்றைக்கு மட்டும் அந்த அலமாரி திறக்கும். லென்ஸ்கள், முப்பட்டகங்கள், ஒரு நல்ல தொலைநோக்கி எல்லாம் மறுநாளே உள்ளே போய்விடும். பிள்ளைகள் அவற்றைத் தொட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"தொட்டா உடைச்சுப்புடுங்க மேடம்," என்பார் விஜய்ராஜ். "கண்ணாடி வழியாப் பாக்கட்டும். அதுக்குத்தான கண்ணாடி போட்டிருக்கு?"

(இந்த விஜய்ராஜை வில்லனாக்கிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன், பொருந்தவில்லை. ஒன்று உடைந்தால் இன்னொன்று வாங்கித் தர ஆள் கிடையாது என்ற கவலையைத் தவிர மனுசனிடம் வேறு குற்றம் இல்லை. மீசையை எடுத்துவிட்டேன்.)

3

முதல் நாள் பயிற்சி. பேராசிரியர்கள் எல்லாம் பெஞ்சுகளில் மாணவர்களாக உட்கார வேண்டும், ஒருவர் பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் ஆரோக்கியசெல்வம், திருச்சிக்காரர், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெபஷீலா பாடம் எடுத்தாள். நம் ஊரில் எல்லா ஆசிரியர்களும் எடுப்பது போலத்தான்.

"கல்லை மேல எறிஞ்சா திரும்பக் கீழ வி…?"

"ழும்!" என்றது அரங்கம். தமிழ்த்துறை, வணிகவியல், தாவரவியல் என்று ஒரு துறை பாக்கியில்லை.

"ஏன்னா பூமி அதை ஈர்க்…?"

"கும்!"

உங்களுக்கும் இப்படித்தான் நடத்தியிருப்பார்கள். வார்த்தையின் தலையை ஆசிரியர் சொல்ல, வாலை வகுப்பு சொல்லும். தலையும் வாலும் சேர்ந்தால் பாடம் முடிந்தது.

ஆரோக்கியசெல்வம் முன்னால் வந்தார். "நல்லா இருந்துச்சு மேடம். நானும் ஒண்ணு கேட்டுப் பாக்கட்டுமா?" என்றவர், அதே ராகத்தில் அரங்கைப் பார்த்து, "பாலைவனத்துல வாழுற ஒட்டகம் முட்டை இ…?"

"டும்!"

அத்தனை முனைவர் பட்டங்களும் ஒரே குரலில். வெளியே ஒரு காக்கை எழும்பிப் பறந்தது.

முதலில் சிரித்தது தங்கபாண்டி. "அட ஆத்தா, நானும்ல சொல்லிப்புட்டேன்!" ஜெபஷீலா சிரிக்கவில்லை. இத்தனை வருடங்களாகத் தன் வகுப்பில் கேட்ட 'டும்', 'ழும்', 'கும்' எல்லாம் ஒவ்வொன்றாக அவள் காதில் திரும்ப ஒலித்தன. அதில் எத்தனை ஒட்டக முட்டைகளோ?

"கேள்வியை முழுசாக் கேளுங்க," என்றார் ஆரோக்கியசெல்வம். "கேட்டுட்டு வாயை மூடுங்க. யாராவது பதில் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க. இதைவிடக் கஷ்டமான வேலை நம்ம தொழில்ல கிடையாது."

"யாரும் சொல்லலைன்னா சார்?"

"இருங்க."

"அப்பவும் சொல்லலைன்னா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவளைப் பார்த்தபடி இருந்தார். இருந்துகொண்டே இருந்தார். அவளுக்கு வியர்த்துவிட்டது.

4

கடைசி நாள். விஜய்ராஜ் வகுப்பு முதலில். அதைப் பற்றி நான் எழுதிய நான்கு பத்திகளையும் எடுத்துவிட்டேன். பொறாமையில் எழுதியது போலத் தெரிந்தது. திருவிழா மேளம் மாதிரி இருந்தது வகுப்பு என்று சொன்னால் போதும். முதல்வரே இரண்டு இடத்தில் தன்னை மறந்து "கும்" போட்டார்.

பிறகு ஜெபஷீலா. ஜன்னலைத் திறந்துவைத்தாள். மேற்கே கேரள எல்லை மலைக்கு மேலே, காலை வெயிலில் வெளுத்துப்போன அரை நிலா நின்றது.

"கல்லு விழுது. மாங்காய் விழுது. அங்கன இருக்க நிலா ஏன் விழலை?"

கேட்டுவிட்டு வாயை மூடினாள்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். மேடம் இப்போது தலையைச் சொல்வார், வாலைச் சொல்ல நாக்கு தயாராக இருந்தது. தலை வரவில்லை. முன்வரிசை அஜய்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க மேடம்."

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"ஏலே, மேடத்துக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. அதுவும் அடங்கிற்று. முதல்வர் இருமினார். விஜய்ராஜ் நாற்காலி நுனிக்கு வந்து, பதில் தொண்டையில் முட்ட, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெபஷீலாவுக்குள் அப்பாவின் பாத்திரக்கடை விழித்துக்கொண்டது. பேசு, பேசு, கடை காலியாகிறது என்றது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அமைதி அரங்கில் கொள்ளவில்லை. (இங்கே கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். ஆணையை நினைவில் வையுங்கள்.) ஜன்னல் வழியே இறங்கித் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் பரவியது. மருந்தடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டே ஊமையானது. சுருளி அருவியில் தண்ணீர் விழுந்தது, சத்தம் மட்டும் விழவில்லை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் பயபக்தியோடு கைகூப்பினார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவில் அப்படியே நின்றன. குமுளிச் சோதனைச்சாவடியில் ஒருவர், "எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று கேட்க வாயைத் திறந்து, கேட்கக் கூடாது என்று ஏனோ தோன்றி மூடிக்கொண்டார். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் சுபாஸ்ரீ இருந்தாள். தேவாரம் ஊர்க்காரப் பெண். மூன்று வருடங்களில் அவள் குரல் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தோடு வால் சொல்லும்போதுகூட உதட்டைத்தான் அசைப்பாள்.

"மேடம்."

அத்தனை தலைகளும் திரும்பின.

"அது விழலைன்னு யாரு சொன்னா?"

ஜெபஷீலா மேசை விளிம்பை விட்டாள்.

"விழுந்துக்கிட்டேதான் இருக்கு மேடம். அது விழ விழ, பூமி உருண்டையால்ல இருக்கு, தரை வளைஞ்சு வளைஞ்சு விலகிப்போயிருது. அதான் வந்து சேர மாட்டேங்குது."

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நிலா விழுந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்தது, தேர்வில் எழுதியது, விஜய்ராஜ் வருடா வருடம் நடத்தியது. ஆனால் அது விழுவதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள். அத்தனை பெரிய பாறை, சத்தமே இல்லாமல், இந்த நிமிடமும், அவர்கள் தலைக்கு மேலே. விஜய்ராஜ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். தங்கபாண்டி, பொருளாதாரக்காரர், தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டாராம்.

அதை ஜீப்பில் சொல்லும்போதும் குனிந்தார். நானும் குனிந்தேன்.

5

இனி முடிவு. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் முதல்வர் எழுந்து சாவியை ஜெபஷீலா கையில் கொடுக்கிறார், கைதட்டல் அதிர்கிறது. கைதட்டல் வந்ததுமே கதை மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னொன்றில் முதல்வர், "மேடம் பாதி நேரம் ஒண்ணுமே நடத்தலையே?" என்று சாவியை விஜய்ராஜிடம் கொடுக்கிறார். விஜய்ராஜ் அதை வாங்கி, ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய், சுபாஸ்ரீயின் முன்னால்…

இதை முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தங்கபாண்டியிடமாவது கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்டேன். குமுளியில் அவர் இறங்கி நடந்த பிறகுதான் நினைவு வந்தது. "சார், சாவி யாருக்குப் போச்சு?" என்று கத்தினேன். அவர் திரும்பி நின்று என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜீப் கிளம்பிவிட்டது.

எனவே உங்களிடம் முழுக் கேள்வியாகவே கேட்கிறேன். சாவி யாரிடம் போயிருக்கும்? அவசரமில்லை, நான் இருக்கிறேன்.

யோசிக்கும்போது உதவியாக இருக்கட்டும் என்று, காலண்டரைப் புரட்டிச் சரிபார்த்த ஒரு விவரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின் கடைசி நாள், நிறைந்த அமாவாசை.