வாக்கியம் முடியும்வரை

“‘பிறந்தது’ வேண்டாம். ‘தொடங்கியது’ன்னு போடு” என்றார் அப்பா.

மகள் அழித்துவிட்டுத் தட்டினாள்.

“அதுவும் சப்புன்னு இருக்கே. சரி, பிறந்தே போகட்டும்.”

நாகரிகம் அன்று காலையிலிருந்து அந்தக் கணினியில் பிறப்பதும் அழிவதுமாக இருந்தது. அப்பா கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர்; இலக்கியத்தையும் விட்டுவைக்கவில்லை. நாகரிகம் என்றால் என்ன என்று இரண்டிலும் துழாவி அவர் எழுதிவரும் புத்தகத்துக்கு மகளின் கல்யாணத்தைவிட வயசு அதிகம். தெருவில் அவருக்கு ‘நாகரிகம்’ என்றே பெயர். “நாகரிகம் வீட்ல இருக்காரா?” என்று தபால்காரர்கூடக் கேட்பார். கடைசி அத்தியாயம் நாளைக்குள் வந்தாக வேண்டும் என்று பதிப்பாளர் ஒற்றைக்காலில் நின்றதால், மகள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய வந்திருந்தாள்.

“மதில் கட்டினவனை நாகரிகம் உள்ளவன் என்கிறது வரலாறு. மதிலுக்கு வெளியே நின்றவனைப் பார்த்து ‘உள்ளே வா’ என்றவனை நாகரிகம் உள்ளவன் என்கிறது இலக்கியம். போட்டாச்சா?”

“ஆச்சுப்பா.”

அப்போதுதான் அம்மா வந்து அறைவாசலில் நின்றாள்.

அந்த வீட்டுக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குரல் கொடுக்கக் கூடாது. அது வேட்டையாடித் திரிந்தவன் பழக்கம். சொல்ல வேண்டியதை நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். போன இடத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாசலில் நின்று, அவர் வாக்கியத்தை முடித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொதுதான். அப்பாவின் வாக்கியங்கள்தான் நீளமானவை. அடுப்பில் சோறு தீய்ந்தது, கீழ் வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகியது, மகளுக்குப் பிரசவ வலி கண்டது எல்லாமே அந்த வாசலில் காத்திருந்து, முறைப்படி உள்ளே வந்த செய்திகள்.

அம்மா ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். மற்றக் கை ஈரமாக இருந்தது. மேகம் மூடிய காலை, மின்விசிறிகூடப் போடவில்லை. ஆனாலும் அவள் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து போட்டுவிட்டு வருகிறவள் இல்லை அம்மா. சொட்டினாலே எழுந்துபோய் இறுக்கி மூடுகிறவள்.

அப்பா வாசலைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம்.

அம்மா தலையசைத்தாள்.

“அடுத்தவன் பேசி முடிக்கும்வரை...” அப்பா அண்ணாந்து கூரையில் வார்த்தையைத் தேடினார். “...பொறுமையோடு, இல்ல, பொறுமை வேண்டாம், அது சாமியார் வார்த்தை...”

மகளுக்கு எழுந்துவிட வேண்டும் போலிருந்தது. தண்ணீர்ச் சத்தம் முதுகில் ஊர்ந்தது. “அப்பா, அம்மா வந்து...” என்று ஆரம்பித்தாள்.

“ஸ்ஸ். விட்டா போயிடும்.”

அவள் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. ஓரக்கண்ணில் அம்மாவின் வாய் திறந்து மூடியது தெரிந்தது. பிறகு பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது. குழாயை மூடத்தான் போயிருப்பாள் என்று மகள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே காத்திருந்தாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“...அடுத்தவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க மனிதன் என்றைக்குக் கற்றுக்கொண்டானோ, அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. முற்றுப்புள்ளி.” அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகம் மலர்ந்திருந்தது. வாசல் பக்கம் திரும்பி, தாராளமான குரலில், “இப்ப சொல்லு, என்ன?” என்றார்.

அம்மா நடையில் இருந்தாள். மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரோரமாக, போகிறவர் வருகிறவருக்கு இடைஞ்சல் இல்லாமல் காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் தோளைத் தொட்டதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

மேல் வீட்டு டாக்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நெஞ்சு வலி வந்திருக்குமே. யாரையும் கூப்பிடலையா?”

“அவ சத்தம் போட மாட்டா டாக்டர். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடப் போட்டதில்ல” என்றார் அப்பா, மாணவனுக்கு நன்னடத்தைச் சான்று தருகிற குரலில்.

டாக்டர் சமையலறைக்குப் போய்க் குழாயை மூடினார்.

மதியத்துக்குள் அப்பாவின் இலக்கிய வட்டம் வந்து சேர்ந்துவிட்டது. செருப்புகளை வரிசை கலையாமல் விட்டுவிட்டு, யாருக்கும் தோள் இடிக்காமல் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மா படுத்திருந்தாள். முதலில் வந்தவர்களிடம் அப்பா, “சமையல் வேலையா இருந்தா, அப்படியே சாஞ்சுட்டா” என்றார். அடுத்து வந்தவர்களுக்கு அம்மா வேலையை முடித்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது கோஷ்டி வந்தபோது அவள் முகத்தில் ஒரு புன்னகையும் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் வாக்கியம் திருத்திய கை, சும்மா இருக்குமா?

“என்னம்மா, அப்படித்தானே?” என்று அப்பா கேட்டபோது மகள் தலையாட்டினாள். ஆட்டிய தலை தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

“நாகரிகமான சாவு சார். எல்லாருக்கும் வாய்க்காது” என்றார் வட்டத்தின் தலைவர்.

பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். “அம்மாவுக்குன்னு ஒரு சமர்ப்பணப் பக்கம் சேர்த்துடலாம் சார். நாளைக்கு முடியாட்டியும் பரவாயில்ல, நாளன்னிக்கு அனுப்புங்க.” இந்தப் பெருந்தன்மையில் இரண்டு பேர் நெகிழ்ந்தார்கள்.

மகள் காபி கலக்கச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினால் அப்பா. அந்த அறைக்குள் அவரைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. கதவைச் சாத்தினார்.

“உன் சித்தி வந்துக்கிட்டிருக்காளாம்.”

“ம்.”

“கேட்டா, சமையலறையில இருந்தாங்கன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல விவரம் வேண்டாம். துக்க வீட்ல அதெல்லாம் நாகரிகம் இல்ல.”

“வாசல்ல நின்னாங்கப்பா.”

“யாரோ வந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.”

“விரலைத் தூக்கினீங்க.”

அப்பா ஒரு தம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“நீயும் அங்கதானே இருந்தே?” என்றார்.

குரல் உயரவில்லை. அந்தக் குரல் எப்போதுமே உயர்ந்ததில்லை. அதை மென்மை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சித்தி வருவது படிக்கட்டிலேயே கேட்டது. அம்மாவின் தங்கை, காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவள். “அக்கா! அடி அக்கா!” என்று அவள் உள்ளே நுழைந்தபோது, இலக்கிய வட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது.

“கொஞ்சம் மெதுவாம்மா” என்றார் அப்பா.

“எதுக்கு மாமா மெதுவா? முழிச்சுக்குவாளா? முழிச்சுக்கிட்டா நல்லதுதானே!” சித்தி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “சின்ன வயசுல நீ கூப்பிட்டா மூணு தெரு தாண்டிக் கேக்குமேடி. கால்ல முள்ளு குத்தினதுக்கு ஊரையே கூட்டினவளாச்சே. நெஞ்சு வலிச்சப்ப மட்டும் ஏன்டி வாயைத் திறக்கல?”

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

“நீ வீட்லதான் இருந்தியாமே. கடைசியா என்ன சொன்னா?”

“சமையலறையிலதான்...” என்று அப்பா ஆரம்பித்தார்.

“உங்களைக் கேக்கல மாமா. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள எடுக்கிற நேரம் வந்துடும்.”

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு மேடைக்குரல் வந்துவிட்டது. “மரணம் என்பது, எந்த நாகரிகத்திலும் சரி, ஒரு மனிதனின் கடைசிக் கண்ணியமாக...” என்று நீளமான ஒன்றைத் தொடங்கினார். வட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மகள் அம்மாவின் காலடியில் நின்றபடி அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று பார்த்தாள். அது முடிகிற வழியாகத் தெரியவில்லை.

“ஒண்ணும் சொல்லல சித்தி” என்றாள், அதன் நடுவிலேயே. “அந்த ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. நாங்க ரெண்டு பேரும் உள்ள இருந்தோம். அப்பா ஒரு வாக்கியம் சொல்லிக்கிட்டிருந்தார். நான் தட்டிக்கிட்டிருந்தேன்.”

அப்பாவின் கண்ணியம் பாதியில் நின்றது.

“எவ்வளவு நேரம் நின்னா?” என்றாள் சித்தி.

“வாக்கியம் முடியற வரைக்கும் நிக்கல.”

சித்தியின் அழுகை நின்றுவிட்டது. பதிப்பாளர் கையிலிருந்த காபியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடையைக் கடந்து, அந்த அறைவாசலில் போய் நின்றாள். அங்கிருந்து மேசையும் இரண்டு நாற்காலிகளும் நன்றாகவே தெரிந்தன.