தட்டிய சத்தம்

சரக்குக் கப்பலின் அடிப்பகுதி தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அதன் இரும்புக் கதவை அடைத்துவிட வேண்டும். மற்ற அறைகள் கப்பலை மிதக்க வைக்கும். பொறியியலாளர் இராஜநாயகம் இதைப் பலருக்குப் படிப்பித்தவர்.

போன மாரியில், நடுக்கடலில், பம்ப் அறைக்குள் தண்ணீர் பீறிட்டது. உள்ளே அவருக்குக் கீழே வேலை செய்த கொட்டாஞ்சேனை ஷரீப் நின்றான். இராஜநாயகம் பெயர் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. கதவை அடைக்கச் சொன்னார். அடைத்த பிறகுதான் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கப்பலே போய்விடும். அவர் திறக்கவிடவில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தபின் அதைப்பற்றி மூச்சும் விடவில்லை. கடலில் நடந்தது கடலோடு கிடக்கட்டும் என்றிருந்தார். மீன் வாங்கினார், மகள் சாம்பவியை டியூஷனுக்குக் கூட்டிப்போனார்.

“ஆள் மட்டும்தான் வந்திருக்கு” என்று மனைவி ஜெகதீஸ்வரி தங்கையிடம் போனில் சொல்வது அவருக்கும் கேட்டது.

ஒரு பின்னேரம் ஷரீப்பின் மனைவி பஹ்மியா வந்தாள். ஜெகதீஸ்வரி தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

“கப்பல்ல இருந்த ஒருத்தர் செல்லினார், எங்கட அவர் உள்ளுக்கிருந்து கதவுல தட்டினாராம். உண்மையா, அண்ணன்?”

உடனே உயிர் போய்விட்டது என்று சொல்வதற்குத்தான் இத்தனை நாளும் தயாராக இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“ஓம்.”

“மூடச் சொன்னது யாரு?”

“நான்தான் தங்கச்சி. திறந்திருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்.”

“மத்தவங்க எல்லாரும் வீட்ட வந்துட்டாங்களா?”

“ஓம்.”

அவள் அழவில்லை. “வாப்பா வலி தெரியாம மவுத்தாகிட்டார் என்டு மகனுக்குச் செல்லி வெச்சிருக்கேன். எங்கயாச்சும் கண்டா நீங்களும் அப்படியே செல்லுங்க” என்றுவிட்டு எழுந்து போனாள்.

ஜெகதீஸ்வரி தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லி என்ன செய்யிறது?”

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். “எங்கட பிள்ளை உள்ளுக்கு நிண்டிருந்தாலும் மூடச் சொல்லியிருப்பீங்களோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனிதனுக்கு அது பெரிய பொய்யுமல்ல. ஆனால் அவர் யோசித்தார். யோசித்ததை அவள் கண்டுவிட்டாள்.

அந்தக் கிழமையே சாம்பவியைக் கூட்டிக்கொண்டு வத்தளைக்குத் தங்கை வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். அவர் எடுத்த அழைப்புகளுக்கு மகள் மட்டும் பதில் சொன்னாள், அதுவும் இரண்டொரு சொல்.

கம்பனி புதிய கப்பலுக்குக் கூப்பிட்டது. எந்தத் துறைமுகம் என்று கேட்காமலே இராஜநாயகம் சம்மதித்தார்.