வலது பக்கத்து ஜோடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரால் கிடைத்தது. தாராபுரம் சாலையில் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட, தள்ளிக்கொண்டே போய் வேலுமணியின் டயர் கடையில் நின்றேன். வாசலில் கிழிந்து நார்நாராகிப் போன ஒரு லாரி டயர் கிடந்தது. என்ன இது என்று கேட்டேன். “அதுக்கு ஒரு கதையே இருக்குதுங்க” என்றார். கதை என்று காதில் விழுந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அவர் பாதி சொல்வதற்குள் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. எழுந்து போய்விட்டார். ஒரு லாரிக்காரர், அவர் மனைவி, இரண்டு புது டயர், பிறகு ஒரு விபத்து. மீதியை நானே எழுதிக்கொள்ள மாட்டேனா என்ற திமிரில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[முடிவில்லாத வாழ்க்கையைப் போல அந்தச் சாலை நீண்டு]

வேண்டாம். இரண்டாவது:

[டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல, அது ஒரு குடும்பத்தின்]

இதை எழுதிய கையை என்ன செய்வது? அடித்ததை மறைக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது:

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நாகஜோதி, தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனாள்.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

3

நாகஜோதிக்கும் மூக்கையாவுக்கும் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்து, பாடுபட்டு ஒரு ஆறு சக்கர லாரி வாங்கியிருந்தார்கள். மூக்கையா அதில் பனியன் பெட்டிகளைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஏற்றிப் போவார். முன்னால் இரண்டு சக்கரம். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டாக ஒட்டினாற்போல் நான்கு. அந்த நான்கும் தேய்ந்து வழுக்கையாகிக்கொண்டிருந்தன. அவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அவள் குனிந்து டயரைத்தான் பார்ப்பாள். போனஸுக்கு இரண்டு டயர்தான் வந்தது. அதை எங்கே போடுவது?

வேலுமணி சொன்னார்: “ஏனுங்கக்கா, புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுட்டு, முன்னாடி இருக்கறதைப் பின்னால ஒரே பக்கம் ஜோடியா போட்டுரலாமுங்க. புதுசையும் பழசையும் ஒட்டிப் போட வேண்டாமுங்க.”

“அதெப்பிடிண்ணே? பின்னாடிதான அம்புட்டு லோடும் நிக்கிது?” என்றாள் நாகஜோதி. “பக்கத்துக்கு ஒண்ணாப் போடுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல.”

காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பார்ப்பது அதைத்தான். ஒரு கை நீண்டு மறு கை குறைந்த பனியன் எதுவும் அவள் மேஜையைத் தாண்டியதில்லை. “லெஃப்ட்டும் ரைட்டும் ஒண்ணா இல்லாத பீஸை நான் பாஸ் பண்ண மாட்டேன்ணே” என்று சிரித்தாள்.

மூக்கையாவும் சிரித்தார். “அவ காசு, அவ சொல்றபடியே போட்டுவிடுங்கண்ணே.”* வேலுமணி இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் அத்தனை சந்தோஷமாக நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் பழையது உள்ளே, புதியது வெளியே என்று ஏறியது. நாகஜோதி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

(* இத்தனை வருஷம் லாரி ஓட்டியவருக்கு இது தெரியாதா என்று எனக்கே சந்தேகம். மூக்கையாவை ஓட்டுநராக இல்லாமல் வெறும் முதலாளியாக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பின்னால் வேலுமணியிடம் கேட்டதற்கு, “பாதி வண்டி அப்படித்தானுங்க ஓடுது. ஒண்ணும் ஆகாத வரைக்கும் ஆரும் கண்டுக்க மாட்டாங்க” என்றார். மூக்கையா ஓட்டுநராகவே இருக்கட்டும்.)

4

விபத்தை நான் எழுதிய லட்சணம் இது:

[அவிநாசிபாளையம் தாண்டியதும் பழைய டயர் வெடித்தது. “நாலையும் மாத்தியிருந்தா இப்படி ஆகியிருக்குமா” என்று நாகஜோதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏழைக்கு எப்போதும் பாதிப் பாதுகாப்புதான்]

எழுதிவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். சூட்டோடு சூடாக வேலுமணியிடம் போய்ப் படித்தும் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“நல்லா எழுதியிருக்கறீங்க. ஆனா வெடிச்சது புதுசுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “புது டயரா?”

“ஆமாங்க, வாசல்ல கெடக்குதே, அதுதானுங்க. மேல ரப்பர் முடிகூட இன்னும் உதிரலை பாருங்க. புதுசு கொஞ்சம் உசரமுங்க. பழசு தேஞ்சு கட்டையாயிருச்சு. ரெண்டும் ஒட்டி ஓடறப்ப லோடெல்லாம் உசரமானது தலையில ஏறுமுங்க. பழசு சும்மா கூட ஓடும். புதுசு சூடாயிச் சூடாயித் தாங்காம போயிருமுங்க.”

குனிந்து தொட்டுப் பார்த்தேன். அன்றுதான் அச்சிலிருந்து எடுத்ததுபோல மெல்லிய ரப்பர் முடிகள் விரலில் குத்தின. கையிலிருந்த பத்தியைக் கிழித்துப் போட்டேன். நடந்தது இதுதான்:

தகவல் கேட்டுக் கம்பெனியிலிருந்து நாகஜோதி ஓடிவந்தபோது, லாரி புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. மூக்கையா நினைவில்லாமல் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சேதி கேட்டு முன்னமே வந்து இடது பின்சக்கரத்தருகே உட்கார்ந்திருந்த வேலுமணியைப் பார்த்து அவள் கத்தினாள்: “அந்தப் பழச மொதல்ல தீய வச்சுக் கொளுத்துங்கண்ணே!”

வேலுமணி நிமிரவில்லை. அப்போதுதான் அவள் பார்த்தாள். பழையது அலுங்காமல் நலுங்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. கிழிந்து தொங்கியது அவள் வாங்கியது.

“இதெப்பிடிண்ணே?” என்றாள். என்னிடம் சொன்னதையே வேலுமணி அவளிடமும் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏறியவளுக்கு மருத்துவமனை வரும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

5

மூக்கையா பிழைத்துக்கொண்டார். கால் போய்விட்டது. லைன் வீட்டில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “பழைய டயரு வெடிச்சிருச்சுப்பா. இவ வாங்கிக் குடுத்தது மட்டும் இல்லேன்னா, இந்நேரம் நான் போட்டோவாத் தொங்கிக்கிட்டு இருப்பேன்.” எது வெடித்தது என்று அவர் பார்க்கவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நம்பினார், என்னைப் போலவே.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆண்டவரு ஒன் கையாலதான் அவரைக் காப்பாத்துனாரு” என்றாள். நாகஜோதிக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “காப்பி குடிக்கிறியா?” என்றுதான் வந்தது.

அந்த இடத்தில் கதையை முடித்தேன்:

[அவள் எதுவும் சொல்லவில்லை. கால் இல்லாத இடத்தில் போர்வையைச் சரிசெய்தாள்.]

என்ன நாசூக்கான முடிவு! வாயே திறக்காமல் முடிகிற கதை என்றால் நம் ஆட்களுக்கு உயிர். பத்திரிகைக்கு அனுப்ப உறைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

6

அனுப்புமுன் பிழை திருத்த உட்கார்ந்தேன். மூன்றாம் பகுதியில் அவள் சொன்ன “பக்கத்துக்கு ஒண்ணாப் போடுங்க” என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

இடது பக்கம் வெடித்தது. வலது பக்கம்?

அங்கே புதியதும் பழையதும் இன்னும் ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கின்றன. சட்டையைக்கூட மாற்றாமல் வேலுமணியிடம் ஓடினேன்.

“வண்டி பட்டறையில இருந்து வந்துருச்சாமுங்க. அவரு தம்பி ஊர்ல இருந்து வந்துருக்காருங்க, அவருதான் ஓட்டப்போறாருன்னு சொன்னாங்க” என்றார்.

“வலது பக்கத்தை மாற்ற வந்தார்களா?”

“வரலீங்களே. அன்னைக்கே அந்த அக்காகிட்டச் சொல்லியுட்டேனுங்க, அந்தப் பக்கமும் இதே கதிதான்னு. ஊட்டுல சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டனுங்க.” போனை எடுத்துத் துழாவினார். “அவுங்க நெம்பர் எங்கிட்ட இல்லீங்களே. ஊடும் தெரியாதுங்க.”

அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவள் வாயைத் தைத்து, அதற்கு அழகு என்று பெயர் வைத்தவன் நான். என் முடிவில் ஒரு ஆள் சாகப்போகிறான், நான் அதற்கு உறை எடுத்து வைத்திருக்கிறேன்.

கதையை மறுபடி திறக்கிறேன். லோடு ஏற்றிய லாரி தெருமுனையில் நிற்கிறது. மூக்கையாவின் தம்பி ஒச்சப்பன் குளித்து, விபூதி பூசி, வாசலில் வந்து கையை நீட்டுகிறான்.

“மதினி, சாவியக் குடுங்க. இடது பக்கம் ஸ்டெப்னியப் போட்டுட்டேன். வலது பக்கம் ஒங்க டயரு இருக்கு, பயமில்ல.”

கட்டிலிலிருந்து மூக்கையா சொல்கிறார்: “ஆமாடா. அவ டயரு காப்பாத்தும்.”

ஒரு முடிவு: அவள் சாவியைக் கொடுக்கிறாள். [லாரி புழுதி கிளப்பிக்கொண்டு] இல்லை, இதை நான் எழுத மாட்டேன். என்னைக் கட்டிவைத்து அடித்தாலும் எழுத மாட்டேன்.

இன்னொரு முடிவு: அவள் சொல்லிவிடுகிறாள். மூக்கையா முதலில் தன் காலைப் பார்க்கிறார். பிறகு அவளைப் பார்க்கிறார். [அந்தப் பார்வையில்] அந்தப் பார்வையில் என்ன இருந்தது? இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் பொய்யாக இருக்கிறது. வெறுப்பு என்று எழுத நெஞ்சு வரவில்லை. அவளும் இத்தனை நாள் அந்தப் பார்வைக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவர் எப்படிப் பார்ப்பார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அதை அப்புறம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல வாக்கியமாக அமையவேண்டும் என்றும் இல்லை. உளறினாலும் போதும். ஒச்சப்பன் நீட்டிய கையோடு நிற்கிறான். அவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. இதை நான் இப்போதுதான் சேர்த்தேன், நீங்கள் சீக்கிரம் எழுத வேண்டும் என்பதற்காக.

“என்ன மதினி?” என்கிறான்.

நாகஜோதி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு,

“.............................................................”

என்றாள்.